வினைல் அச்சுக்குச் சொந்தமாகக் கலர் ப்ரொஃபைல் செய்வது எப்படி? பெங்களூருக்குப் புதிதாக வந்த ஆபரேட்டர்களுக்கு

ஒரே கோப்பு, ஒரே கம்பெனி வினைல் (பின்பக்கம் பசையுள்ள பிளாஸ்டிக் தாள்), ஒரே மாடல் மெஷின். இருந்தும் காட்டன்பேட்டையில் அச்சடித்தால் ஒரு சிவப்பு, பீன்யாவில் அச்சடித்தால் வேறொரு சிவப்பு. பெங்களூரில் பெரிய அளவு அச்சுத் தொழிலுக்கு வரும் எவரும் சீக்கிரமே இதில் முட்டிக்கொள்வார்கள். கடைப் பெயர்ப்பலகைகளில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்ற விதி 2024-ல் கெடுபிடியானபோது, பலகையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றித் தரச் சொல்லிப் பலர் எங்களிடம் வந்தார்கள். பழைய பலகைக்குப் பக்கத்திலேயே புதியதை ஒட்டும்போது நிற வித்தியாசத்தை மறைக்க வழியே இல்லை. அல்சூரில் நகைக்கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், “தம்பி, என் கடை நிறம் குங்குமச் சிவப்பு. நீங்கள் ஒட்டியிருப்பது செங்கல் நிறம்” என்றார். அவர் சொன்னது முழுக்கச் சரி.

வினைல் விற்பவரைக் கேட்டால், “எங்கள் ப்ரொஃபைலைப் போடுங்கள், போதும்” என்பார். மெஷின் விற்றவர்கள், கோப்பை அச்சுக்கு ஏற்றபடி மாற்றி மெஷினுக்கு அனுப்பும் ரிப் மென்பொருளில் ஏற்கெனவே இருக்கும் பொது ப்ரொஃபைலே போதும் என்பார்கள். இரண்டுமே வேறு யாருடைய மெஷினிலோ, வேறு இங்கில், வேறு ஹீட்டர் வெப்பத்தில் அளந்து செய்தவை. உங்கள் கடையில் மாற்று இங்க் ஓடுகிறது என்றால் அந்தக் கணக்கு அப்போதே செல்லாது.

சிவகாசியிலோ கோவையிலோ ஆஃப்செட் பழகிவிட்டு இங்கே வருபவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். முறையாகச் சொல்லித்தர ஆள் இல்லாமல் நான் பட்ட பாடு அவர்களுக்கு வேண்டாம். எக்கோ சால்வென்ட் (கரைப்பான் கலந்த) இங்க், வெள்ளை வினைல், சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) நான்கு நிறம் என்பதையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன். லேட்டக்ஸ், யுவி மெஷின்களுக்கும் வரிசை இதுதான். காயும் நேரமும் இங்க் அளவுகளும்தான் மாறும்.

கலர் ப்ரொஃபைல், அதாவது ஐசிசி ப்ரொஃபைல் என்பது உங்கள் மெஷின் எப்படி அச்சடிக்கிறது என்று அளந்து எழுதிய பதிவு. மெஷின் கோணலாக அச்சடித்தால் அந்தக் கோணலைத்தான் அது பதியும், நிமிர்த்தாது. ஆகவே ப்ரொஃபைல் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே இந்த வேலையில் முக்கால் பங்கு முடிந்திருக்க வேண்டும்.

1. எந்தச் சேர்க்கைக்கு என்று முடிவு செய்யுங்கள்

ஒரு ப்ரொஃபைல் ஒரு சேர்க்கைக்கு மட்டுமே சொந்தம்: மெஷின், இங்க், வினைல், ரெசல்யூஷன், பாஸ் எண்ணிக்கை (ஒரே இடத்தின்மேல் ஹெட் எத்தனை முறை போகிறது என்பது), ஹீட்டர் வெப்பம். இவற்றில் ஒன்று மாறினாலும் நிறம் நகரும். இங்கைத் தெளிக்கும் ஹெட் ஒரு திசையில் மட்டும் அச்சடிப்பதற்கும் இரு திசையிலும் அச்சடிப்பதற்கும்கூட வித்தியாசம் உண்டு, ஏனென்றால் இங்குகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் வரிசை மாறுகிறது.

இதைக் கேட்டு மலைத்துப் போய் இருபது ப்ரொஃபைல் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள். உங்கள் கடையில் மாதம் முழுக்க அதிகம் ஓடும் வினைல் எது, அதை எந்தப் பாஸில் ஓட்டுகிறீர்கள் என்று பில் புத்தகத்தைப் பாருங்கள். அந்த ஒன்றை முதலில் முடியுங்கள். பெரும்பாலான கடைகளில் சாதாரண வெள்ளை வினைல் ஒன்று, சாம்பல் பசை வினைல் ஒன்று, வாகனங்களுக்கான காஸ்ட் வினைல் ஒன்று என்று மூன்றிலேயே தொண்ணூறு பங்கு வேலை அடங்கிவிடும். மிகச் சன்னமான விலை மலிந்த வினைலில் அடர்ந்த நிறச் சுவர் பின்னாலிருந்து ஊடுருவித் தெரியும். அதற்கு எந்த ப்ரொஃபைலும் மருந்தில்லை. சாம்பல் பசை வினைலுக்கு மாறுவதுதான் வழி.

2. கருவி, மென்பொருள், காகிதங்கள், செலவு

அச்சை அளக்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் வேண்டும். கடைப் பேச்சில் ஸ்பெக்ட்ரோ. எக்ஸ்-ரைட்டின் ஐ1 ப்ரோ வகைதான் இங்கே பரவலாகப் புழங்குகிறது. பெரிய நிறுவனங்களில் பார்பியேரி கருவிகளைப் பார்க்கலாம். சிஎம்ஒய்கே உரிமத்தோடு புதிய கருவி வாங்கினால் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து இரண்டு லட்சத்துக்கு மேல் போகும். சிறிய கடைக்கு இது பெரிய தொகை. பழைய கருவி வாங்கலாம், வாடகைக்கு எடுக்கலாம், அல்லது கருவியோடு வந்து செய்துகொடுக்கும் டெக்னீஷியனை அழைக்கலாம். மூன்றிலும் ஏமாற இடம் இருக்கிறது.

திரையை அளக்கும் கருவியைக் குறைந்த விலைக்கு நீட்டி, “இதுவும் நிறம் அளக்கும்” என்பவர்கள் உண்டு. அது மானிட்டருக்கு மட்டுமே உதவும். அச்சடித்த வினைலை அதனால் படிக்க முடியாது.

பழைய ஐ1 ப்ரோ வாங்கும்போது அதோடு வரும் வெள்ளை ஓடு பதித்த தட்டைக் கையில் எடுத்து, அதன் சீரியல் எண்ணும் கருவியின் சீரியல் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒவ்வொரு கருவிக்கும் அதற்கே உரிய ஓடு. எண் மாறியிருந்தால் அந்தக் கருவி சொல்லும் எந்த அளவையும் நம்ப முடியாது. கடைசியாக எப்போது சான்றளிக்கப்பட்டது என்ற காகிதத்தையும் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மறுசான்று பெறுவது நல்லது. ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் வாங்காதீர்கள். வரிக் கழிவு போய்விடும், பிறகு சர்வீஸுக்கு அனுப்பும்போதும் கேள்வி வரும்.

மென்பொருள் உரிமத்தில் இன்னொரு வலை இருக்கிறது. எக்ஸ்-ரைட்டின் ஐ1 ப்ரொஃபைலரில் பிரிண்டர் ப்ரொஃபைல் என்று போட்டிருந்தாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஃபோட்டோ உரிமம் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீலம்) பிரிண்டருக்கு மட்டும். சிஎம்ஒய்கேவுக்கு பப்ளிஷ் உரிமம் வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று ஃபோட்டோ உரிமத்தை வாங்கினால் வேலை நடக்காது. ஆனிக்ஸ், கால்டெரா போன்ற ரிப்களில் ப்ரொஃபைல் செய்யும் பகுதி உள்ளேயே கிடைக்கிறது, ஆனால் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். மெஷினோடு இலவசமாக வரும் சில ரிப்களில் வெளியே செய்த ப்ரொஃபைலை உள்ளே ஏற்றத்தான் முடியும். பணமே செலவழிக்க முடியாதவர்களுக்கு ஆர்கில் சிஎம்எஸ் இருக்கிறது: இலவசம், நம்பகமானது, ஐ1 ப்ரோவோடு வேலை செய்யும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பொறுமை வேண்டும். விண்டோஸில் அதற்கென்று டிரைவரை மாற்ற வேண்டியிருக்கும்; மாற்றிய பிறகு எக்ஸ்-ரைட்டின் சொந்த மென்பொருள் கருவியைக் காணவில்லை என்று சொன்னால் பதற வேண்டாம், டிரைவரைத் திருப்பி மாற்றினால் சரியாகிவிடும்.

டெக்னீஷியனை அழைத்தால், கட்டணம் ஒரு ப்ரொஃபைலுக்கா ஒரு நாளுக்கா, லீனியரைசேஷனும் (கீழே ஆறாம் படி) அதில் சேர்ந்ததா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். வேலை முடிந்ததும் ஐசிசி கோப்போடு அளவெடுத்த தரவுக் கோப்பையும் கேட்டு வாங்குங்கள். அது கையில் இருந்தால், நாளைக்குக் கறுப்பின் அளவை மாற்றி இன்னொரு ப்ரொஃபைல் கட்ட மறுபடி அச்சடிக்கவே தேவையில்லை. கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

பொருட்செலவு நினைப்பதைவிடக் குறைவு. அளப்பதற்காக அச்சடிக்கும் சார்ட்டில் 1617 பேட்ச், அதாவது நிறக் கட்டம் இருந்து, ஒவ்வொன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால், மொத்தம் இரண்டு சதுர அடிகூட வராது. ஓரம், இடைவெளி, இங்க் லிமிட் (இங்கின் உச்ச அளவு) பார்க்கும் சார்ட்டுகள், சரிபார்க்கும் அச்சு எல்லாம் சேர்த்து 54 அங்குல ரோலில் இரண்டு மீட்டர், அதாவது ஏறக்குறைய முப்பது சதுர அடி. சாதாரண வினைல் என்றால் இங்கையும் சேர்த்து ஆயிரம் ரூபாயைத் தாண்டுவது அரிது. காஸ்ட் வினைல் பல மடங்கு விலை. அதில் கை பழகாதீர்கள்.

கடைசியாக ஒரு தாள். வினைலின் பெயர், ரோல் அட்டையில் இருக்கும் லாட் எண், இங்க் லாட் எண், ரெசல்யூஷன், பாஸ், திசை, மூன்று ஹீட்டர்களின் வெப்பம், அறை வெப்பம், ஈரப்பதம், தேதி, ஒவ்வொரு நிறத்துக்கும் வைத்த இங்க் லிமிட், மொத்த இங்க் அளவு. இதை அச்சடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்புங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் இடத்தில் வேறொரு தம்பி உட்கார்ந்திருப்பான். அவனுக்கு இந்தத் தாள்தான் ஆசான்.

3. மூன்று நாள் ஒதுக்குங்கள்

வேலை மூன்று நாளும் முழுக்க இல்லை, காயும் நேரம்தான் அதிகம். ஆனால் அந்த மூன்று நாளில் அதே மெஷினில் வேறு வினைலை மாற்றி ஓட்டினாலும் ஹீட்டரை மாற்றினாலும் குழப்பம் வரும். விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, நவம்பர் 1 கன்னட ராஜ்யோத்சவம் இவற்றுக்கு முந்தைய வாரங்களில் எந்த முதலாளியும் மெஷினை விட்டுக்கொடுக்க மாட்டார். கேட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதைவிட, ஆர்டர் தணிந்த வாரத்தைப் பிடியுங்கள்.

பெங்களூரின் வானிலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அச்சடித்தால் மெஷினும் வினைலும் சில்லிட்டுப் போயிருக்கும். மழைக்காலத்தில் ஈரம் ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் காற்று வறண்டு, வினைலில் நிலைமின்சாரம் ஏறி, ஹெட்டின் இங்க் துளைகளான நாசில்கள் விட்டுவிட்டு அச்சடிக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை மெஷின் பக்கத்தில் மாட்டுங்கள். 40-க்கும் 60-க்கும் இடையில் நின்றால் தலைவலி குறைவு. வினைல் ரோலை முந்தைய நாளே மெஷின் இருக்கும் அறைக்குக் கொண்டுவந்து வையுங்கள். யுபிஎஸ் இல்லாத கடையில் சார்ட் பாதியில் மின்சாரம் போனால், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடியுங்கள். நின்று தொடர்ந்த இடத்தில் கோடு விழுந்திருக்கும்.

4. மெஷினைச் சரிசெய்யுங்கள்

ஹீட்டர்களைப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள். எக்கோ சால்வென்ட்டுக்கு முன் ஹீட்டரும் அச்சு ஹீட்டரும் பொதுவாக 35 முதல் 45 டிகிரி, காயவைக்கும் ஹீட்டர் அதைவிடச் சற்று மேலே. வினைல் கம்பெனியின் தரவுத்தாளில் வெப்பம் சொல்லியிருந்தால் அங்கிருந்தே தொடங்குங்கள். பிறகு நாசில் செக். ஒரு நாசில் விட்டிருந்தாலும் சுத்தம் செய்து மறுபடி பாருங்கள். பிறகு ஹெட் அலைன்மென்ட், அதன்பின் ஃபீட் (வினைல் நகரும் அளவு) சரிசெய்தல், இந்த வரிசையில். ஃபீட் சரியில்லாமல் வெள்ளைக் கோடோ கறுத்த கோடோ விழும் மெஷினில் அளக்கும் ஒவ்வொரு பேட்ச்சும் பொய் சொல்லும்.

5. நிறத்துக்கு நிறம் இங்க் லிமிட்

ஆஃப்செட்டிலிருந்து வருபவர்களுக்கு இதுதான் புதிய பாடம். இன்க்ஜெட் ஹெட் நூறு சதவீதம் என்று கக்கும் இங்க், வினைல் தாங்குவதைவிடப் பெரும்பாலும் அதிகம். எவ்வளவு போதும் என்பதை ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாக நாம்தான் சொல்ல வேண்டும்.

ரிப்பில் புதிய மீடியா ஒன்றை உருவாக்கி, இங்க் லிமிட் சார்ட்டை அச்சடியுங்கள். ஒவ்வொரு நிறமும் சிறிது சிறிதாக ஏறிக்கொண்டே போகும். சற்றுக் காயவிட்டு ஸ்பெக்ட்ரோவால் ஒவ்வொரு படியையும் அளந்தால் எல், ஏ, பி என்று மூன்று எண் வரும். எல் வெளிச்சம், ஏ, பி இரண்டும் சேர்ந்து நிறத்தின் சாயலையும் செறிவையும் சொல்லும். படி ஏற ஏறச் செறிவு கூடும். ஓர் இடத்துக்கு மேல் செறிவு கூடாது, எல் மட்டும் இறங்கும், சாயல் திரும்பத் தொடங்கும். சியான் நீலத்தின் பக்கம் சாயும், மெஜந்தா சிவப்பின் பக்கம், மஞ்சள் ஆரஞ்சின் பக்கம். அந்தத் திருப்பத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். அதற்கு மேல் விடும் ஒவ்வொரு சொட்டும் காசைக் கரைத்து, நிறத்தையும் கெடுக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டும் என்றால், ஃபோக்ரா 39 ஆஃப்செட் தரத்தின் திட நிறங்களை வைத்துக்கொள்ளுங்கள். சியான்: எல் 55, ஏ −37, பி −50. மெஜந்தா: 48, 74, −3. மஞ்சள்: 89, −5, 93. கறுப்பு: எல் 16. உங்கள் இங்க் இந்த எண்களை எட்டினாலே ஆஃப்செட் வேலையோடு பெருமளவு ஒத்துப்போகும். பளபளப்பான வினைலில் இதைத் தாண்டிப் போவதும் உண்டு. அதே எண்ணில்தான் நிற்க வேண்டும் என்று இழுத்துப் பிடிக்க வேண்டாம். கறுப்புக்குச் சாயல் பிரச்சினை இல்லை; எல் இறங்குவது நின்ற இடத்தில் நிறுத்துங்கள்.

கண்ணால் பார்த்து, “இது நல்ல கறுப்பு” என்று லிமிட்டை ஏற்றிவிடும் பழக்கம் அனுபவசாலிகளிடமும் இருக்கிறது. கருவி கையில் இருக்கும்போது கண்ணை நம்ப வேண்டிய அவசியம் இல்லை.

6. லீனியரைசேஷன்

இப்போது 50 சதவீதம் என்று கோப்பில் இருந்தால், அச்சில் 50-க்கு உரிய அடர்த்தி வர வேண்டும். லிமிட் வைத்த பிறகு ரிப் தரும் லீனியரைசேஷன் சார்ட்டை அடித்து அளந்தால் வளைகோட்டை அதுவே சரிசெய்துகொள்ளும். சரிசெய்த பின் அதே சார்ட்டை மறுபடி அடித்துப் பாருங்கள்: படிகள் ஒரே சீராக ஏற வேண்டும், இடையில் எங்கும் திடுக்கென்று தாவக் கூடாது.

7. மொத்த இங்க் அளவு

நான்கு நிறமும் முழுதாக விழுந்தால் 400 சதவீதம். எக்கோ சால்வென்ட் இங்கில் வினைல் தாங்குவது பெரும்பாலும் 220-லிருந்து 280-க்குள். ரிப் தரும் சார்ட்டில் அளவு படிப்படியாக ஏறும் கட்டங்கள் இருக்கும். உள்ளே மெல்லிய வெள்ளை எழுத்துகளும் கோடுகளும் இருக்கும். இதை மட்டும் கண்ணாலும் கையாலும் பார்க்க வேண்டும்.

அச்சு ஹீட்டரைத் தாண்டி வந்ததும், வெளிச்சத்தைப் பக்கவாட்டில் விழவிட்டுப் பாருங்கள். இங்க் அதிகமான கட்டத்தில் மேற்பரப்பு வழவழப்பாக இல்லாமல் திட்டுத்திட்டாகத் திரண்டிருக்கும். வெள்ளை எழுத்தின் உட்குழிகள் அடைபட்டுப் போயிருக்கும். பத்து நிமிடம் கழித்து விரலை மெல்ல வைத்தால் ஒட்டும். பிறகு சுருட்டிப் பிரித்தால், அடுத்த சுற்றின் ரிலீஸ் பேப்பரில் (பசையை மூடியிருக்கும் தாளில்) நிறம் பதிந்திருக்கும். இவற்றில் ஒன்றுகூட இல்லாத கடைசிக் கட்டம் எதுவோ, அதிலிருந்து ஒரு படி கீழே இறங்கி நில்லுங்கள்.

“குறைத்தால் கறுப்பு வெளுத்துப்போகும்” என்று பயமுறுத்துவார்கள். 260-லும் கறுப்பு கறுப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் ப்ரொஃபைல் கட்டும்போது மூன்று நிறங்களின் இடத்தைக் கறுப்பு எடுத்துக்கொள்ளும். அதிக இங்கின் உண்மையான ஆபத்து பின்னால் வருகிறது: சால்வென்ட் வினைலுக்குள் ஊறிப் பசை வரை இறங்கி, ஒட்டிய சில வாரங்களில் ஓரங்கள் சுருண்டுகொள்ளும். ஒட்டிய ஆளைத் திட்டுவார்கள், தவறு இங்க் லிமிட்டில் இருக்கும்.

8. ப்ரொஃபைல் சார்ட்டை அச்சடிப்பது

சிஎம்ஒய்கேவுக்கு 1617 பேட்ச் உள்ள ஐடி8.7/4 அல்லது 1485 பேட்ச் உள்ள இசிஐ 2002, இரண்டில் எது உங்கள் மென்பொருளில் இருக்கிறதோ அது போதும். பேட்ச்சுகளைக் கலைத்துப் போட்ட வரிசையைத் தேர்ந்தெடுங்கள்; ஹெட்டின் ஓரிடத்துக் குறை ஒரே நிறத்தின் மீது விழாமல் பரவிவிடும். பேட்ச் அகலம் 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கருவியைக் கையால் இழுக்கும்போது தவறு வராது.

பெரும்பாலான ப்ரொஃபைல்கள் கெட்டுப்போவது இந்தப் படியில்தான். சார்ட்டை நிற மாற்றமே இல்லாமல் அச்சடிக்க வேண்டும். லீனியரைசேஷனும் இங்க் லிமிட்டும் இருக்கட்டும். ஐசிசி மட்டும் முழுக்க அணைந்திருக்க வேண்டும். கோரல் டிராவிலோ ஃபோட்டோஷாப்பிலோ திறந்து சேமிக்காதீர்கள். அவை கேட்காமலே நிறத்தை மாற்றிவிடலாம். மென்பொருள் கொடுத்த கோப்பை அப்படியே ரிப்பில் போடுங்கள். அளவையும் மாற்றாதீர்கள்.

அணைத்தது உண்மையில் அணைந்ததா என்பதை அச்சே சொல்லும். சுத்தமான சியான் மட்டும் இருக்கும் பேட்ச் ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். சியான் புள்ளிகள் மட்டும் தெரிய வேண்டும். நடுவே ஒன்றிரண்டு மெஜந்தாவோ மஞ்சளோ தலை காட்டினால், எங்கோ ஒரு ப்ரொஃபைல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ரிப்பின் எல்லா ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து அதைக் கண்டுபிடித்த பிறகுதான் மேலே போக வேண்டும். முடிந்தால் சார்ட்டை இரண்டு பிரதி எடுங்கள்.

9. காய விடுங்கள், பிறகு அளக்கலாம்

ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டும். எக்கோ சால்வென்ட் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும். உள்ளே சால்வென்ட் வெளியேறிக்கொண்டே இருக்கும், நிறமும் நகர்ந்துகொண்டே இருக்கும். மாலையில் அச்சடித்து, சுருட்டாமல் விரித்துத் தொங்கவிட்டு, 24 மணி நேரம் கழித்து அளங்கள். ஈரத்தில் அளந்தால் இன்னொரு கேடும் உண்டு: கருவி சார்ட்டின்மீது நகரும்போது அதன் அடியில் இங்க் அப்பிக்கொள்ளும். லேட்டக்ஸ், யுவி அச்சுகள் மெஷினிலிருந்து காய்ந்தே வருவதால் இந்தக் காத்திருப்பு பெரிதாக இல்லை.

அளக்கும்போது ரிலீஸ் பேப்பரை உரிக்காதீர்கள். மேசையின் பழுப்பு நிறம் பின்னால் தெரியாதபடி அதே வினைல் தாள் இரண்டை அடியில் விரியுங்கள். வெள்ளை ஓட்டில் விரல் ரேகை இருக்கக் கூடாது. எம்0, எம்1, எம்2 என்று அளவு முறைகள் கேட்கும். இவை கருவியின் வெளிச்சத்தில் எவ்வளவு புற ஊதா இருக்கிறது என்பதைப் பொறுத்தவை. எம்2 புற ஊதாவை வெட்டிவிடும். வெண்மையூட்டி கலந்த வினைலை லேமினேஷன் செய்து வெளியில் வைக்கும் வேலைக்கு நான் எம்2 எடுக்கிறேன். எதை எடுத்தாலும் தாளில் குறித்துவைத்து, பின்னால் சரிபார்க்கும்போதும் அதையே எடுங்கள்.

ஒரே வேகத்தில் இழுங்கள். கருவி ஒரு வரியைப் படிக்க மறுத்தால், அந்த வரியில் கீறலோ தூசியோ இருக்கிறதா என்று பாருங்கள். பழகிய கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரண்டு பிரதியையும் அளந்து சராசரி எடுத்தால் இன்னும் உறுதி.

10. ப்ரொஃபைலைக் கட்டுவது

இங்கே நீங்கள் முடிவு செய்ய வேண்டியவை சிலதான். மொத்த இங்க்: ஏழாம் படியில் கண்ட அளவு, அதற்கு மேல் ஒரு சதவீதமும் வேண்டாம். கறுப்பு உருவாக்கம்: நடுத்தர ஜிசிஆர் (மூன்று நிறங்களின் இடத்தைக் கறுப்புக்குக் கொடுப்பது). கறுப்பு தொடங்கும் இடம்: முகங்கள் உள்ள படங்கள் அதிகம் என்றால் 15, 20 சதவீதத்துக்குப் பிறகு தொடங்கட்டும், முன்னதாகத் தொடங்கினால் கன்னத்தில் கறுப்புப் புள்ளிகள் மணல்போலத் தெரியும். சாம்பல் நிறப் பின்னணிகள் அதிகம் அடிக்கும் கடை என்றால் ஜிசிஆரைச் சற்றுக் கூட்டுங்கள். சாம்பல் பச்சையாகவோ ரோஜா நிறமாகவோ சாயாமல் நிற்கும். அட்டவணை அளவு பெரியது, ஒளி டி50 (பகல் வெளிச்சத்துக்கான தர அளவு). மற்றவற்றை மென்பொருள் வைத்தபடியே விடுங்கள்.

பெயரைப் பார்த்தாலே சேர்க்கை தெரிய வேண்டும்: மெஷின், வினைல், ரெசல்யூஷன், பாஸ், இங்க், தேதி. ‘புதுசு’, ‘கடைசி’, ‘சரியானது’ என்றெல்லாம் பெயர் வைத்த கோப்புகளால் நாறிப்போன கணினிகள் ஒவ்வொரு கடையிலும் இருக்கின்றன.

11. ரிப்பில் ஏற்றி, சரிபார்த்து, பிறகு நம்புங்கள்

ப்ரொஃபைல் ஏறிவிட்டது என்று நிறுத்திவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். உள்ளே வரும் கோப்புக்கும் ரிப் ஒரு ப்ரொஃபைல் எடுத்துக்கொள்கிறது. சிஎம்ஒய்கே கோப்புகளுக்கு ஃபோக்ரா 39, ஆர்ஜிபி படங்களுக்கு எஸ்ஆர்ஜிபி என்று கடை முழுக்க ஒரே விதியாக வையுங்கள். டிசைனரின் கணினியிலும் அதுவே இருக்க வேண்டும். நிறத்தை மாற்றும் முறையாகப் படங்களுக்கு பெர்செப்சுவல், லோகோவுக்கு ரிலேட்டிவ் கலரிமெட்ரிக், பிளாக் பாயின்ட் காம்பன்சேஷன் போட்டபடி.

72 பேட்ச் கொண்ட ஃபோக்ரா மீடியா வெட்ஜ் என்ற சோதனைப் பட்டையை அச்சடித்து, ஒரு நாள் காயவிட்டு அளங்கள். ஃபோக்ரா 39-ஓடு ஒப்பிட்ட டெல்டா ஈ 2000 (நிற வித்தியாசத்தின் அளவு) சராசரி 3-க்குள் வந்தால் பலகை வேலைக்குத் தாராளம். 5-ஐத் தாண்டினால் எட்டாம் படிக்குத் திரும்புங்கள், அநேகமாகத் தவறு அங்கேதான். அதோடு ஒரு முகம், ஒரு சாம்பல் பட்டை, நீங்கள் அடிக்கடி அடிக்கும் ஒரு லோகோ மூன்றையும் சேர்த்து ஒரு தாள் அடியுங்கள். அதைக் கடையின் டியூப் லைட்டுக்கு அடியில் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். பகல் வெளிச்சத்தில், வாசலில் நிழலான இடத்தில் பாருங்கள்.

மேட் லேமினேஷன் கறுப்பை வெளுக்கவைக்கும், பளபளப்பு லேமினேஷன் நிறத்தை ஆழமாக்கும். உங்கள் வேலையில் பெரும்பகுதி மேட் லேமினேஷனோடு போகிறது என்றால், அளந்து முடித்த அதே சார்ட்டை லேமினேஷன் செய்து மறுபடி அளந்து இரண்டாவது ப்ரொஃபைல் ஒன்று கட்டுங்கள். கூடுதல் செலவு லேமினேஷன் துண்டும் ஒரு மணி நேரமும் மட்டுமே. இதைச் செய்யும் கடைகள் மிகக் குறைவு. செய்த கடையின் வேலை தனியாகத் தெரியும்.

எந்த ப்ரொஃபைலாலும் எட்ட முடியாத நிறங்கள் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பளீர்ப் பச்சை, சில அடர் நீலங்கள் சிஎம்ஒய்கே இங்குகளின் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. நிறுவன நிறத்தை பேன்டோன் எண்ணில் கேட்டு வாங்கி, ரிப்பின் ஸ்பாட் கலர் (தனி நிறம்) அட்டவணையில் அதற்குத் தனியாக மதிப்பு வையுங்கள். அதைச் சுற்றிச் சற்று ஏற்ற இறக்கமாகச் சில துண்டுகள் அடித்து, அதே வினைலில், அதே லேமினேஷனோடு, வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். அவர் தேர்ந்தெடுத்த துண்டின் பின்னால் கையெழுத்தும் தேதியும் வாங்கிக் கோப்பில் சேருங்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி ஒப்புதல் வாங்குவது நிறத்துக்கு ஒப்புதலே ஆகாது. அவருடைய திரை ஒன்று காட்டும், உங்கள் வினைல் வேறொன்று காட்டும்.

12. எப்போது மறுபடி செய்ய வேண்டும்

மாதம் ஒரு முறை மீடியா வெட்ஜ் அடித்து அளந்து எண்ணைத் தாளில் எழுதுங்கள். சராசரி முன்பைவிட ஒன்றரை, இரண்டு ஏறியிருந்தால் முதலில் நாசிலையும் ஹீட்டரையும் பாருங்கள், பிறகு லீனியரைசேஷனை மட்டும் மறுபடி செய்யுங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும். புதிய இங்க் லாட் போட்டாலும், வினைல் ரோலின் லாட் எண் மாறினாலும் இதே சோதனை. ஹெட் மாற்றினால் இங்க் லிமிட்டிலிருந்து தொடங்க வேண்டும். இங்க் கம்பெனியையே முதலாளி மாற்றிவிட்டால் ஒன்றாம் படியிலிருந்து எல்லாம் புதிது. லிட்டருக்கு மிச்சமாகும் ரூபாயோடு இந்த மூன்று நாளையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லி அவரிடம் இங்க் மாற்றும் முன்பே பேசிவிடுங்கள்.